வன்னியில் பொருத்துக் கட்டடம்: சங்கங்களும் அமைப்புகளும் பணம் திரட்டுவதற்கான முழு வழிகாட்டி

ஆலையில் பாகங்களாகச் செய்து, காணிக்குக் கொண்டுவந்து பூட்டும் பொருத்து வீடு என்றாலே வன்னியில் பலர் முகம் சுளிப்பார்கள். காரணம் இருக்கிறது. 2015, 2016 காலப்பகுதியில் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று அரசாங்கம் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய் என்று விலை பேசப்பட்டது. அதற்குச் சற்று முன்னர் இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது ஐந்தரை இலட்சம். அந்தக் காசில், கொஞ்சம் கைக்காசும் போட்டு, சனம் கல்வீடே கட்டியிருந்தது. உருக்கு வீட்டுக்குள் வெக்கை தாங்குமா, எத்தனை வருடம் நிற்கும், ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை இல்லாமல் போகாதா என்று கேள்விகள் கிளம்பின. கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் குடும்பம் தலைமுறையாக இருக்கப்போகும் வீடு வேறு, ஒரு அமைப்புக்குத் தேவைப்படும் கட்டடம் வேறு. பால் சேகரிப்பு நிலையம், முன்பள்ளி, கமக்காரர் அமைப்பின் விதைநெல் களஞ்சியம், கடற்றொழிலாளர் சங்கத்தின் மீன் கொள்வனவு அறை, கிராமத்துக்கு வரும் நடமாடும் கிளினிக்குக்கு ஒரு நிழல், பதிவு செய்து சில மாதமேயான சிறு கம்பனியின் அலுவலகம் ஆகியவற்றுக்குப் பொருத்துக் கட்டடம் பல இடங்களில் நியாயமான தெரிவு. வேகமாக எழும்பும், தேவை மாறினால் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம், கறையான் அரிக்காது. பிரச்சினை பணம்தான். அதற்கான வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: விலைமனு கேட்கும் முன்னர் காணிப் பத்திரத்தை எடுங்கள்

பெரும்பாலான சங்கங்கள் தலைகீழாகத் தொடங்குகின்றன. முதலில் கட்டடத்தின் படம், பிறகு விலை, பிறகு யாரிடம் காசு கேட்கலாம் என்ற யோசனை, எல்லாம் முடிந்தபின் காணி. வன்னியில் இந்த ஒழுங்கு சரிவராது. காணி யாருடையது, கட்டடம் யாருடையதாக இருக்கப்போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், எந்தப் பணம் உங்களுக்குக் கிடைக்கும், எது கிடைக்காது என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

வன்னியில் பெரும்பகுதி அரச காணி. மக்கள் கையில் இருப்பதில் அதிகம் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு. உறுதிக் காணி, அதாவது சொந்தமென்று உறுதிப்பத்திரம் உள்ள காணி, குறைவு. அனுமதிப்பத்திரக் காணியை ஈடாக வைத்துக் கடன் கேட்டால் தனியார் வங்கி பெரும்பாலும் கையை விரிக்கும். ஒரு சங்கம் அங்கத்தவர் ஒருவரின் அனுமதிப்பத்திரக் காணியில் வாய்ப்பேச்சில் கட்டடம் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். நாளைக்கு அவருடைய பிள்ளைகள் வந்து நின்றால் சங்கத்தின் கையில் காட்ட எதுவும் இருக்காது.

உங்கள் காணி பின்வருவனவற்றில் எது என்று பாருங்கள்.

சங்கத்தின் பெயரில் உறுதி இருந்தால் எல்லா வழியும் திறந்திருக்கிறது.

அரச காணியாக இருந்தால், பிரதேச செயலாளர் ஊடாக அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீண்டகாலக் குத்தகைக்கு விண்ணப்பியுங்கள். 30 வருடக் குத்தகை வழமையானது. இது மாதக்கணக்கில் இழுபடும், சிலவேளை வருடக்கணக்கிலும். எனவே பணம் தேடும் வேலைக்கு முன்பே இந்தக் கோப்பு நகரத் தொடங்கியிருக்க வேண்டும். காட்டுக்கு அண்டிய இடமென்றால் வன இலாகாவின் எல்லைக்குள் வருகிறதா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊர்ச்சனம் பரம்பரையாகப் பயிர் செய்த நிலம் என்பது வரைபடத்தில் செல்லாது.

பாடசாலை, ஆலயம், பிரதேச சபை போன்ற இன்னொரு நிறுவனத்தின் காணியென்றால், அவர்களோடு எழுத்து உடன்படிக்கை வேண்டும். எத்தனை வருடம், கட்டடம் யாருக்கு, விலகும்போது கழற்றிக்கொண்டுபோகலாமா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது விடயம் ஏன் முக்கியம்? இலங்கையின் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டப்படி, நிலத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்ட கட்டடம் நிலத்தோடு சேர்ந்து நிலச் சொந்தக்காரருக்கே போகும். சீமெந்து அத்திவாரத்தில் வார்த்துப் பூட்டிய கட்டடத்தை நாளைக்கு "இது எங்கட" என்று தூக்கப்போனால் வழக்குத்தான். தூண்தாங்கிகளில் நட்டுப் போல்ட்டால் இறுக்கி, கழற்றக்கூடியதாக நிறுத்திய கட்டடமும், அதற்கேற்ற எழுத்து உடன்படிக்கையும் இருந்தால் கதை வேறு. காணிப் பத்திரம் பலவீனமான இடத்தில் பொருத்துக் கட்டடத்தின் பெரிய பலமே இதுதான். கடன் கொடுப்பவருக்குக் காணி தேவையில்லை, கட்டடமே பிணை. தவணை தவறினால் அவர் பாரந்தூக்கியோடு வந்து ஏற்றிக்கொண்டு போகலாம். கல்லால் கட்டியதை அப்படி ஏற்ற முடியாது.

படி 2: உங்கள் அமைப்பால் கடன் வாங்க முடியுமா என்று பாருங்கள்

சட்டத்தின் கண்ணில் எல்லாச் சங்கமும் ஒன்றல்ல. 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிந்த சங்கம் ஒரு சட்ட ஆள். தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம், கடன் வாங்கலாம், வழக்காடலாம். ஆனால் பொதுக்கூட்டத்தில் உச்சக் கடன் எல்லை தீர்மானிக்கப்பட்டு, கூட்டுறவுத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெறப்பட்டிருக்க வேண்டும். வங்கிக்குப் போகும் முன்னர் அந்தத் தீர்மானக் கூட்ட அறிக்கையைத் தேடி எடுங்கள். பழைய எல்லை ஐந்து இலட்சத்தில் நிற்கிறது, இப்போது கேட்பது முப்பது இலட்சம் என்றால் மீண்டும் பொதுக்கூட்டம்தான்.

2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் மட்டுப்படுத்தப்பட்ட கம்பனியாகப் பதிந்த தொண்டு அமைப்புகளும் சட்ட ஆட்களே. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், பழைய மாணவர் சங்கம் போன்றவை அப்படியல்ல. அவற்றுக்குப் பதிவு இலக்கமும் வங்கிக் கணக்கும் இருந்தாலும், கடன் என்று வரும்போது வங்கி தலைவர், செயலாளர், பொருளாளரைத் தனிப்பட்ட முறையில் கையெழுத்திடச் சொல்லும். அப்படிக் கையெழுத்திட்டவர் அடுத்த வருடம் பதவியில் இல்லாவிட்டாலும் கடன் அவர் தலையில்தான் இருக்கும், அவருடைய பெயரே கடன் தகவல் பணியகத்தில் பதியப்படும். இதைப் பொதுக்கூட்டத்தில் எல்லோருக்கும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். என் அபிப்பிராயம்: இத்தகைய சங்கங்கள் கடனைத் தவிர்த்து நன்கொடை, அரச நிதி, வாடகை ஆகிய மூன்றுக்குள் நிற்பது நல்லது. கடன்தான் வழியென்றால் அருகிலுள்ள பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தையோ சிக்கன கடனுதவிச் சங்கத்தையோ பங்காளியாக்கி அவர்கள் ஊடாகப் போகலாம்.

எந்த வகையானாலும் கடந்த மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கை கையில் இருக்க வேண்டும். நன்கொடையாளரும் கேட்பார், வங்கியும் கேட்கும்.

படி 3: கட்டடத்தின் விலை வேறு, திட்டத்தின் விலை வேறு

கம்பனி தரும் விலைமனுவில் இருப்பது பெட்டியின் விலை. வன்னியில் ஒரு பொருத்துக் கட்டடம் திறந்து விளக்கேற்றும் நாள்வரை ஆகும் செலவு அதைவிடக் கணிசமாகக் கூடும். விலைமனுவில் பெரும்பாலும் வராதவை இவை.

நிலம் நிரப்புதல். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்த வெள்ளத்தை நினைவு வைத்திருங்கள். உங்கள் காணியில் அப்போது எந்த மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது என்று அயலில் கேளுங்கள். கட்டடத்தின் தளம் அதற்கு மேலே இருக்க வேண்டும். கிரவல் லோட் கணக்கில் வரும், விலையும் ஏறிக்கொண்டே போகும்.

மண். துணுக்காய், முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களிமண் மழைக்கு ஊதும், கோடைக்குப் பிளக்கும். பொருத்துக் கட்டடம் இலேசு என்று அத்திவாரத்தில் மிச்சம் பிடித்தால் இரண்டாம் வருடம் கதவு பூட்டாது. அந்த மண்ணில் தூண்தாங்கிகளின் ஆழத்தை ஒரு பொறியியலாளரிடம் கேட்டே தீர்மானியுங்கள். அவருக்குக் கொடுக்கும் பணமும் திட்டச் செலவே.

போக்குவரத்து. கொன்டெய்னர் மாதிரி முழுதாகச் செய்த 40 அடி நீளப் பெட்டியை ஏற்றிய வண்டி ஏ-9 வீதியில் பிரச்சினையின்றி வரும். மாங்குளத்தில் திரும்பி உள்ளே போனபின்தான் சோதனை. குளக்கட்டு வீதியில் அந்த வண்டி வளையாது, பழைய மதகு பாரம் தாங்காது, மாரியில் கிரவல் வீதி புதையும், தாழ்வான மின்கம்பி குறுக்கே நிற்கும். விலைமனு கொடுக்கும் கம்பனியை ஒருமுறை இடத்துக்கு வரச்சொல்லுங்கள். வர மறுத்தால் 20 அடிப் பெட்டியையோ, சட்டகமும் பனலும் (சுவருக்கும் கூரைக்கும் பூட்டும் பலகைகள்) தனித்தனியாகக் கொண்டுவந்து இடத்தில் பூட்டும் வகையையோ கேளுங்கள். 20 அடிக் கொன்டெய்னர் ஒன்றின் அகலம் 8 அடி, பரப்பளவு 160 சதுர அடி என்பதையும் நினைவில் வையுங்கள். முன்பள்ளிக்கு அது ஒரு அறைகூட ஆகாது.

வெக்கை. உருக்குத் தகட்டின் உள்ளே வைக்கோல் மாதிரி எதையாவது அடைத்து ஒப்பேற்ற முடியாது. இடையில் காப்புப் பொருள் வைத்த பனல், அதற்கு மேலே காற்றுப் புகும் இடைவெளியோடு தனிக்கூரை, நீண்ட இறவாரம், எதிரெதிர் யன்னல் எல்லாம் சேர்ந்தால்தான் சித்திரை வெயிலில் உள்ளே இருக்கலாம். பனலுக்குள் சாதாரண வெண்ணுரை (ரெஜிபோம்) இருந்தால் தீ பற்றும். சமையலறைக்கும் முன்பள்ளிக்கும் பாறைநார் (rock wool) பனலைக் கேளுங்கள், விலை கூடினாலும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்றுக்குத் துத்தநாகம் பூசிய சட்டகம் வேண்டும்.

மின் இணைப்பு, புவித்தொடுப்பு, கிணறு அல்லது குழாய் நீர், மலசலகூடமும் உறிஞ்சு குழியும், சாய்தளப் பாதை ஆகியவை எல்லாம் சேர வேண்டும். பிரதேச சபையின் கட்டட அனுமதியும் தேவை. கழற்றக்கூடிய கட்டடம் என்பதால் அனுமதி வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். அனுமதி இல்லாமல் மின் இணைப்பிலிருந்து காப்புறுதிவரை எல்லாம் சிக்கும்.

பெறுமதி சேர் வரியையும் பாருங்கள். 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். சங்கம் அந்த வரிக்குப் பதிந்திராவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. 30 இலட்சத்தில் 18 வீதமென்றால் 5 இலட்சத்து 40 ஆயிரம். "வரி நீங்கலாக" என்று அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் விலைமனுவை வைத்து நன்கொடையாளருக்கு வரவுசெலவு அனுப்பினால் பிறகு அந்தக் காசுக்கு எங்கே போவது?

மொத்தத்துக்கு மேல் பத்து வீதம் எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். பனலும் உருக்கும் இறக்குமதி. 2022 மார்ச்சில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதமளவில் 360 ரூபாயை எட்டியதை யாரும் மறக்கவில்லை. விலைமனு எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதைப் பாருங்கள்.

படி 4: பணம் வரும் வழிகள்

*அரச நிதி.* மாகாண சபையின் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடை, பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, திணைக்களங்களின் சொந்த ஒதுக்கீடு ஆகியவை இதில் வரும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் உங்கள் தேவை முன்னுரிமைப் பட்டியலில் ஏற வேண்டும். கிராம அலுவலர், அபிவிருத்தி உத்தியோகத்தர், பிரதேச செயலகத் திட்டமிடல் கிளை என்று ஒழுங்காகப் போங்கள். இங்கே பொருத்துக் கட்டடத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு போடும் வீத அட்டவணை, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் உரிய விலைப்பட்டியல், கல், மண், சீமெந்து வேலைக்கு ஏற்றது. பனல் கட்டடத்துக்கு அவர் தனியாக வீதப் பகுப்பாய்வு செய்ய வேண்டிவரும். நீங்களே மூன்று விலைமனுக்களையும் தொழில்நுட்ப விபரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அவருக்கு வேலை இலகு, கோப்பும் நகரும்.

*தூதரகங்களின் சிறு உதவித் திட்டங்கள்.* யப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனித பாதுகாப்பு உதவி, அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம், இந்தியாவின் சமூக அபிவிருத்தித் திட்டங்கள் ஆகியன இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் உள்ளூர் நிறுவனங்களுக்கும் உரியவை. இவர்கள் கட்டடத்துக்குத் தருவார்கள், அதை நடத்தும் செலவுக்கும் சம்பளத்துக்கும் பெரும்பாலும் தரமாட்டார்கள். விண்ணப்பத்தில் அவர்கள் கூர்ந்து பார்ப்பது ஒன்றே: காசு முடிந்தபின் இந்தக் கட்டடத்தின் மின்கட்டணத்தை யார் கட்டுவார்? வன்னியில் 2009 க்குப் பிறகு கொடையாகக் கிடைத்து இன்று பூட்டிக் கிடக்கும் பொதுநோக்கு மண்டபங்கள் அவர்களுக்கும் தெரியும். மாத வருமானம், மாதச் செலவு, பொறுப்பாளர் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அழகான படங்களைவிட அந்தப் பக்கம் வேலை செய்யும்.

*புலம்பெயர் உறவுகள்.* ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் வன்னியின் மிகப் பெரிய அபிவிருத்தி வங்கி என்றே சொல்லலாம், வட்டியும் இல்லை. ஆனால் இந்தப் பணத்தைப் பலர் அரைகுறையாகவே பயன்படுத்துகிறார்கள். இலண்டனில் உள்ள சங்கம் அங்கே தொண்டு நிறுவனமாகப் பதிந்திருந்தால், வருமான வரி கட்டும் ஒருவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் பிரித்தானிய அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும். அதற்குக் கொடையாளர் ஒரு படிவம் நிரப்பினால் போதும். நாலாயிரம் பவுண்டு சேர்த்தால் ஆயிரம் மேலதிகம். கனடாவில் 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள் வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாக நன்கொடை வழங்க வழி உண்டு, ஆனால் செலவுக் கணக்கைக் கறாராகக் கேட்பார்கள். பணம் எப்போதும் வங்கி ஊடாக, சங்கத்தின் கணக்குக்கே வரவேண்டும். யாருடையோ மைத்துனரின் கணக்குக்கு வந்த பணம் ஊரில் சண்டையைத்தான் கட்டியெழுப்பும்.

அப்புறம் ஒன்று. புலம்பெயர்ந்தவர்கள் தவணை முறையில் தருவதை விரும்புவார்கள், பொருத்துக் கட்டடத்துக்கோ பணம் முதலிலேயே பெருமளவில் தேவை. "ஐந்து இலட்சம் முதல் மாதத்தில், மிச்சம் வருடம் முழுக்க" என்ற வாக்குறுதியை வைத்து ஓடர் கொடுக்காதீர்கள்.

*வங்கிக் கடன்.* வட்டி வீதத்தைக் கேட்கும்போதே அது சமவட்டியா (முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி), குறைந்து செல்லும் மீதிக்கு வட்டியா என்று கேளுங்கள். 30 இலட்சம் ரூபாய், ஐந்து வருடம், 12 வீதம் என்று வைத்துக்கொள்வோம். சமவட்டியென்றால் மொத்த வட்டி 18 இலட்சம், மாதத் தவணை 80,000 ரூபாய். மீதிக்கு வட்டியென்றால் தவணை ஏறத்தாழ 66,730 ரூபாய், மொத்த வட்டி பத்து இலட்சத்தைச் சற்றே தாண்டும். அதாவது 12 வீதச் சமவட்டி என்பது உண்மையில் மீதிக்கு 20 வீதம் அளவில் வட்டி கொடுப்பதற்குச் சமன். கடன் பேசுபவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார்.

மிதக்கும் வட்டி வேறு பிரச்சினை. அது மத்திய வங்கி வாராவாரம் வெளியிடும் சராசரி நிறையேற்றிய முதன்மைக் கடன் வீதத்தோடு ஏறி இறங்கும். 2022 இறுதியில் அந்த வீதம் 25 ஐயும் தாண்டியது. பால் காசிலும் நெல் காசிலும் ஓடும் சங்கத்துக்கு அப்படி ஒரு ஏற்றம் தாங்காது. கொஞ்சம் கூடினாலும் நிலையான வட்டியைக் கேளுங்கள். தவணையையும் அறுவடைக்கு ஏற்ப, பெரும்போக நெல் விற்ற மாதங்களில் கூடவும் மாரியில் குறையவும் அமைத்துத் தருமாறு கேட்கலாம். கேட்டால்தான் தருவார்கள்.

*லீசிங்.* நிதிக் குத்தகை 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவுபெற்ற நிறுவனம் கட்டடத்தை வாங்கும், நீங்கள் தவணை கட்டிப் பாவிப்பீர்கள், கடைசியில் சிறு தொகையோடு அது உங்களுடையதாகும். வாகனம், உழவு இயந்திரம் என்று பழகிய முறைதான். பொருத்துக் கட்டடத்துக்கு எல்லா நிறுவனமும் சம்மதிக்காது. கழற்றக்கூடியது, தொடரிலக்கம் உள்ளது, காணிச் சொந்தக்காரர் "நான் உரிமை கோரமாட்டேன்" என்று கையெழுத்திட்ட கடிதம் உண்டு என்ற மூன்றையும் காட்டினால் பேச்சுக்கு இடமிருக்கிறது. கட்டடம் விற்கும் கம்பனியையே கேளுங்கள், பலவேளை அவர்களுக்கு ஒரு லீசிங் நிறுவனத்தோடு தொடர்பு இருக்கும். அந்த வழியில் வரும் வட்டியை மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள்.

*வாடகை.* இரண்டு, மூன்று வருடத் திட்டத்துக்கு இதுவே சரி. கண்ணிவெடி அகற்றும் பணி, வீதி வேலை, குறுகிய காலத் தொண்டுத் திட்டம் போன்றவை முடிந்ததும் கட்டடம் தேவையில்லை. மாத வாடகை 75,000, வாங்கும் விலை 30 இலட்சம் என்று எடுத்தால், 40 மாதத்தில் வாடகை விலையைத் தொட்டுவிடும். இது எடுத்துக்காட்டுக் கணக்குத்தான், உங்கள் விலைமனுவை வைத்து அதேமாதிரிப் பிரித்துப் பாருங்கள். கொண்டுவரும், கொண்டுபோகும் கூலியை இரண்டு பக்கமும் சேர்க்க மறக்கவேண்டாம்.

படி 5: ஒரே பையில் தேடாமல் கலந்து போடுங்கள்

விசுவமடுப் பக்கம் ஒரு மாதர் கூட்டுறவுச் சங்கம் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் செய்ய 40 இலட்சத்தில் ஒரு பொருத்துக் கட்டடம் போடுவதாக வைத்துக்கொள்வோம். புலம்பெயர் ஊர்ச் சங்கம் 15 இலட்சம். அரச ஒதுக்கீடு 12 இலட்சம், அதை நிலம் நிரப்பல், அத்திவாரம், மலசலகூடத்துக்கு மட்டும் கேட்கலாம். அந்த வேலை வீத அட்டவணைக்குள் அடங்கும், தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கும் தலையிடி இல்லை. அங்கத்தவர் உழைப்பும் பங்குப் பணமும் 3 இலட்சம். மிச்சம் 10 இலட்சம் கடன். மீதிக்கு 12 வீதத்தில் மூன்று வருடமென்றால் மாதம் ஏறத்தாழ 33,200 ரூபாய்.

இப்போது கேட்கவேண்டிய கேள்வி: சம்பளம், மூலப்பொருள், மின்சாரம் போக மாதம் 33,200 மிஞ்சுமா? மிஞ்சுவது 40,000 என்றால் கடன் வாங்காதீர்கள். ஒரு மாதம் மிளகாய் விலை ஏறினால் தவணை போய்விடும். மிஞ்சுவது தவணையின் ஒன்றரை மடங்காவது, அதாவது 50,000 அளவில் இருந்தால் துணிந்து போகலாம். இல்லாவிட்டால் கட்டடத்தைச் சிறிதாக்குங்கள். பொருத்துக் கட்டடத்தை அடுத்த வருடம் பக்கத்தில் இன்னொரு அறை பூட்டிப் பெரிதாக்க முடியும் என்பதால், முதல் வருடமே முழுவதும் போட வேண்டிய அவசியம் இல்லை.

படி 6: காசு கொடுக்கும் ஒழுங்கு

கல் கட்டடத்துக்கு வேலை நடக்க நடக்கக் காசு போகும். பொருத்துக் கட்டடத்துக்கு ஆலையில் வேலை தொடங்கும்போதே காசு போகவேண்டும், உங்கள் காணியில் ஒரு கம்பிகூட இல்லாத நேரத்தில். பாதிக் காசை முற்பணமாகக் கேட்கும் கம்பனிகள் உண்டு. கொழும்புப் பக்கத்தில் இருக்கும் கம்பனி கைவிட்டால் கிளிநொச்சியிலிருந்து யார் போய் நிற்பது?

நான் பரிந்துரைக்கும் பங்கீடு: ஓடரோடு 20 வீதம், ஆலையில் சட்டகமும் பனலும் தயாரானதை உங்கள் ஆள் நேரில் பார்த்து ஒப்பமிட்டதும் 30, காணியில் இறங்கியதும் 30, பூட்டி மின்சாரம் வந்து ஒப்படைத்ததும் 15, மிச்சம் 5 வீதம் ஒரு மாரி கழிந்தபின். கடைசி ஐந்து வீதத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். கூரை ஒழுகுகிறதா என்று மழைதான் சொல்லும், கம்பனி சொல்லாது. முற்பணம் பெரிதாக இருந்தே ஆகவேண்டும் என்றால், அதே தொகைக்கு வங்கியின் முற்பணப் பிணை (கம்பனி கைவிட்டால் வங்கி பணத்தைத் தரும் உத்தரவாதம்) கேளுங்கள். அதைத் தர முடியாத கம்பனிக்குப் பெரிய முற்பணமும் இல்லை.

நன்கொடையாளரின் பணம் வரும் நாட்களும் இந்தப் பங்கீடும் ஒத்துப்போகிறதா என்று ஒரு தாளில் மாதவாரியாக எழுதிப் பாருங்கள். இடைவெளி விழும் மாதத்தில்தான் அவசரக் கைமாற்று வாங்கப்படும், அதற்குத்தான் மிகக் கூடிய வட்டியும்.

படி 7: நாட்காட்டி

அரச நிதி டிசம்பர் 31 க்குள் செலவாக வேண்டும், இல்லாவிட்டால் திறைசேரிக்குத் திரும்பும். ஒதுக்கீடு பலவேளை ஆடி, ஆவணியில்தான் கைக்கு வரும். ஐப்பசியில் மாரி தொடங்கும். இந்த இடுக்கில் கல் கட்டடம் அரைச்சுவரோடு நிற்பதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம். பொருத்துக் கட்டடத்தை இங்கே புத்தியாகப் பயன்படுத்தலாம். பங்குனிக்குள் காணியும் அனுமதியும், வைகாசியில் விலைமனு, புரட்டாதிக்குள் நிலம் நிரப்பலும் தூண்தாங்கிகளும். அதே நேரத்தில் ஆலையில் கட்டடம் தயாராகிக்கொண்டிருக்கும். வீதி புதையும் முன்னர், புரட்டாதிக் கடைசிக்குள் வண்டி வந்து போயிருக்க வேண்டும்.

படி 8: ஒப்படைத்த பின்னர்

காப்புறுதி இல்லாமல் ஒருநாளும் வைக்காதீர்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. இலேசான கட்டடத்துக்குக் காற்றுத்தான் முதல் எதிரி. தீ மட்டும் போதாது, புயலும் வெள்ளமும் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நங்கூரப் போல்ட்டுகளின் படத்தையும் பொறியியலாளரின் கடிதத்தையும் கோப்பில் வையுங்கள், இழப்பீடு கேட்கும்போது தேவைப்படும்.

கட்டடத்தைச் சங்கத்தின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். கழற்றினால் யார் அனுமதிக்க வேண்டும், விற்றால் காசு எந்தக் கணக்குக்கு என்பதையும் பொதுக்கூட்டத் தீர்மானமாக எழுதுங்கள். தூக்கிக்கொண்டு போகக்கூடிய சொத்து என்பதால் நிர்வாகம் மாறும் இரவில் தூக்கிக்கொண்டு போகவும் முடியும். வருடத்துக்கு ஒருமுறை துரு பிடித்த இடத்தைச் சுரண்டிப் பூச்சடிக்கவும், பனல் மூட்டுகளின் அடைப்பைப் புதுப்பிக்கவும் மாதாமாதம் ஒரு தொகையைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போடத் தொடங்குங்கள். முதல் தவணை கட்டும் மாதத்திலிருந்தே.